பிரவுசருக்கு ஒரு பூட்டு!

2009, ஜூலை 10. வாஷிங்டனில் அமெரிக்க வெளியுறவுத் துறை ஊழியர்களின் கூட்டம். மேடையில் அமைச்சர் ஹிலாரி கிளின்டன். ஈராக், ஆஃப்கானிஸ்தான் என்று அந்தத் துறைக்கு அப்போது தலைவலிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், கேள்வி நேரத்தில் எழுந்த ஓர் ஊழியர் அதைப்பற்றியெல்லாம் கேட்கவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஃபயர்ஃபாக்ஸ் என்கிற பிரவுசரைப் பயன்படுத்த எங்களுக்கு அனுமதி கொடுங்களேன் என்று கேட்டார். அரங்கத்தில் கைதட்டல்!

ஹிலாரிக்குப் பதில் தெரியவில்லை. நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டிருந்த துணைச் செயலர் பாட்ரிக் கென்னடியிடம் கேள்வியைத் தள்ளிவிட்டார். கென்னடி, இது செலவு சம்பந்தப்பட்ட விஷயம் என்றார். அதுதான் இலவசமாச்சே என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். கென்னடி அசரவில்லை. இலவசம் என்று எதுவுமே கிடையாது, ஒவ்வொன்றையும் நிர்வகிக்க ஆள் வேண்டும், ஓட்டைகளை அடைக்க வேண்டும், உலகம் முழுக்க அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்கிற ரீதியில் விளக்கம் சொன்னார்.

வீட்டில் ஃபயர்ஃபாக்ஸ் போட உங்களுக்கு ஐந்து நிமிஷம் போதும். காசும் கிடையாது. வல்லரசு ஒன்றின் வெளியுறவுத் துறைக்கு மட்டும் அது ஏன் முடியவில்லை? மனுஷர் சாக்குச் சொல்கிறாரா?

இல்லை. இது புரிய வேண்டுமானால், நாம் ஒரு பதினைந்து வருஷம் பின்னால் போகவேண்டும்.

1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் முதல் பதிப்பு வெளிவந்தது. பிரவுசர் என்றாலே நெட்ஸ்கேப்தான் என்று ஆனது. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 9-ம் தேதி அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தபோது, 28 டாலருக்கு விற்ற பங்கு அன்று மாலையே 58 டாலரைத் தாண்டி நின்றது. அதே 1995-ல், மே மாதமே, இன்டர்நெட்டை ஒரு பேரலை என்று வர்ணித்துத் தன் அதிகாரிகளுக்கு நீண்ட குறிப்பு ஒன்று அனுப்பியிருந்தார் பில் கேட்ஸ். அதற்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் தூங்கவில்லை. ஆகஸ்டில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் களத்தில் குதித்தது.

பிரவுசர் யுத்தம் என்று நாம் படித்ததெல்லாம் எது வேகம், எது அழகு, எது இலவசம் என்கிற கதைதான். அதற்குப் பின்னால் சத்தமில்லாமல் இன்னொரு சண்டை நடந்தது. ஆயிரம் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கம்பெனிக்கு, அந்த ஆயிரத்தையும் ஒரே இடத்திலிருந்து ஆட்டிவைக்கும் கயிற்றை யார் கொடுப்பது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஆபீஸில் 1,000 கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றிலும் பிரவுசரின் ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டும். மெஷினுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தால்கூட 10,000 நிமிஷம். தினம் எட்டு மணி நேரம் வேலை பார்த்தாலும், ஒரே ஆள் செய்து முடிக்க 21 நாள் ஆகும். இருபத்தோராவது நாள் அவர் கடைசி மெஷினைத் தொடும்போது, முதல் மெஷின்காரர் அதைப் பழையபடி மாற்றி வைத்திருப்பார்!

இதற்கு நெட்ஸ்கேப் ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தது. ஆபீஸ்களில் எல்லோரும் நேரடியாக இன்டர்நெட்டுக்குப் போவதில்லை. நடுவில் 'ப்ராக்ஸி' என்று ஒரு வாசல்காரர் உண்டு. எந்த முகவரிக்கு எந்த வாசல் வழியாகப் போகவேண்டும் என்பதை ஒரு சின்ன ஃபைலில் எழுதி சர்வரில் வைத்துவிட்டால், பிரவுசர்கள் எல்லாம் தாமாகவே வந்து படித்துக்கொள்ளும். 1996-ல் வந்த இந்த ஏற்பாடு இன்றும் எல்லா முக்கிய பிரவுசர்களிலும் உயிரோடு இருக்கிறது. பெற்ற கம்பெனி போய்விட்டது, பிள்ளை இருக்கிறது! பின்னால் 'மிஷன் கன்ட்ரோல்' என்று ஒரு கருவியையும் நெட்ஸ்கேப் விற்றது. பிரவுசரின் எந்த செட்டிங்கையும் ஊழியர் தொட முடியாதபடி அதைக்கொண்டு பூட்டிவிடலாம்.

மைக்ரோசாஃப்ட்டும் இதே மாதிரி ஒரு பெட்டியைத் தயார் செய்தது. பெயர், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அட்மினிஸ்ட்ரேஷன் கிட். பிரவுசரின் நெற்றியில் உங்கள் கம்பெனி பெயரைப் பொறிக்கலாம். திறந்தவுடன் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று தீர்மானிக்கலாம். எந்த மெனுவை மறைப்பது, எதைப் பூட்டுவது... எல்லாம் உங்கள் இஷ்டம். நெட்ஸ்கேப் காசு வாங்கியதை, மைக்ரோசாஃப்ட் 1996-ல் இன்டர்நெட் இணைப்பு தரும் கம்பெனிகளுக்கு ஓசியிலேயே கொடுத்தது. பிரவுசரைப் பரப்ப அதைவிட நல்ல ஏஜென்ட்டுகள் ஏது?

விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. 1998 மே மாதம் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது தொடர்ந்த ஏகபோக வழக்கில் இந்தப் பெட்டியின் பெயரும் அடிபட்டது. நீதிபதி ஜாக்சன் கம்பெனியையே இரண்டாக உடைக்க உத்தரவிட்டதும், 2001 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்ததும் பலருக்கு ஞாபகமிருக்கும். ஆனால், அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பில் ஒரு நுணுக்கமான பாகுபாடு இருக்கிறது. நல்ல பெட்டி ஒன்றைச் செய்து இலவசமாகக் கொடுத்ததில் தப்பில்லை. எதிராளியின் பிரவுசரை ஓரங்கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டதுதான் தப்பு!

தீர்ப்பு வருவதற்குள் சண்டை முடிந்துவிட்டது. நெட்ஸ்கேப்பை ஏ.ஓ.எல். வாங்கிக்கொள்ளும் அறிவிப்பு 1998 நவம்பரிலேயே வந்தாயிற்று.

மைக்ரோசாஃப்ட்டின் பெரிய ஆயுதம் 2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000-த்தோடு வெளிவந்தது. 'குரூப் பாலிசி' என்று பெயர். இதை ஒரு சுற்றறிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆபீஸ்களில் சுற்றறிக்கை வந்தால் என்ன செய்வோம்? கையெழுத்து போட்டுவிட்டு மறந்துபோவோம். இந்தச் சுற்றறிக்கை அப்படியில்லை. தன்னைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும்! தலைமை சர்வரில் ஒருவர் ஒரு கட்டளையை எழுதிவைத்தால் போதும். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் வழக்கமாக 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை 'ஏதாவது புது உத்தரவு உண்டா?' என்று போய்க் கேட்கும். எல்லாம் ஒரே நேரத்தில் போய் முட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா... அதற்காக ஒவ்வொன்றும் தன்னிஷ்டத்துக்கு 30 நிமிஷம் வரை கூடுதலாகத் தாமதித்துப் போகும். உத்தரவுகள் கம்ப்யூட்டருக்குள் சாதாரண ஊழியர் கை வைக்க முடியாத ஓர் அறையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

21 நாள் வேலை, இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. அதுவும் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே!

இந்தக் கயிற்றில் கட்டுப்படுகிற பிரவுசர் எது? அதே கம்பெனியின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் வந்தபோது வீடுகளில் அமோக வரவேற்பு. ஆனால், அதனிடம் இந்தக் கயிறு இல்லை. ஆபீஸ் நிர்வாகிகள் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது புரிகிறதா, கென்னடி என்ன சொன்னார் என்று? பிரவுசர் இலவசம்தான். அதை ஆயிரக்கணக்கான மெஷின்களில் மேய்ப்பதுதான் இலவசம் இல்லை.

சரி, பூட்டியே வைத்தார்களே... பத்திரமாக இருந்ததா?

அங்கேதான் கதை திரும்புகிறது. 2001 ஆகஸ்டில் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-ஐ நம்பி கம்பெனிகள் தங்கள் சம்பளக் கணக்கு, சரக்குக் கணக்கு, லீவ் விண்ணப்பம் எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டன. அந்த பிரவுசரில் மட்டும்தான் அவை ஓடும். 2006-ல் ஏழாம் பதிப்பு வந்தபோது நிர்வாகிகள் பதறிப்போனார்கள். புதுசு வந்தால் பழைய சாஃப்ட்வேர் படுத்துவிடுமே! புதிய பதிப்பு தானாக வந்து இறங்காமல் தடுக்க மைக்ரோசாஃப்ட்டே ஒரு தடுப்புக் கருவியை வெளியிட்டது. திருடன் உள்ளே வரக்கூடாது என்று போட்ட பூட்டு, வைத்தியரையும் வெளியே நிறுத்திவிட்டது.

2010 ஜனவரி 12. சீனாவிலிருந்து கிளம்பிய தாக்குதல் ஒன்றில் தங்கள் கம்ப்யூட்டர்களுக்குள் ஆட்கள் புகுந்துவிட்டார்கள் என்று கூகுள் அறிவித்தது. வேறு பல பெரிய கம்பெனிகளும் குறிவைக்கப்பட்டிருந்தன. 'ஆபரேஷன் அரோரா' என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். உள்ளே நுழைய உதவிய ஓட்டைகளில் ஒன்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இருந்தது. பழைய ஆறாம் பதிப்பு வைத்திருந்தவர்கள்தான் எளிதில் மாட்டினார்கள். ஓட்டை அடைபடும் வரை வேறு பிரவுசர் பயன்படுத்துங்கள் என்று ஜெர்மனி, பிரான்ஸ் அரசுகளின் பாதுகாப்பு அமைப்புகள் சொல்லிவிட்டன. எட்டு வயது பிரவுசரை அவ்வளவு ஜாக்கிரதையாகப் பூட்டிவைத்த நிர்வாகிகளின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

அந்த வருஷக் கடைசியில் கூகுள் காய் நகர்த்தியது. 2010 டிசம்பரில் குரோம் பிரவுசரை ஆபீஸ்களுக்கு ஏற்றபடி மொத்தமாக நிறுவவும், அதே குரூப் பாலிசிக் கயிற்றால் கட்டவும் வழிசெய்து கொடுத்தது. ஆமாம், மைக்ரோசாஃப்ட் திரித்த கயிறுதான். அதைப் பிடித்தே கூகுள் ஆபீஸுக்குள் ஏறி வந்துவிட்டது!

ஃபயர்ஃபாக்ஸ்காரர்கள் நேர் எதிராகச் செய்தார்கள். 2011 மார்ச்சில் நான்காம் பதிப்பு. மூன்றே மாதத்தில் ஐந்தாம் பதிப்பு. அது வந்ததும் நான்காவதற்குக் கவனிப்பு நிறுத்தம். ஒரு பதிப்பைச் சோதித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கிறதே என்று பெரிய கம்பெனிகளின் நிர்வாகிகள் புலம்பினார்கள். பெரிய நிறுவனங்கள் எங்கள் குறி அல்ல என்கிற தொனியில் மொஸில்லாவின் ஆசா டாட்ஸ்லர் பதில் சொல்லப்போக, பற்றிக்கொண்டது சண்டை. கடைசியில் மொஸில்லா இறங்கிவந்தது. ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு மாறாமல், பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் அடைத்துத் தரும் தனிப் பதிப்பு ஒன்றை 2012 ஜனவரியில் வெளியிட்டது. ஆனால், குரூப் பாலிசிக் கயிற்றை அது முறையாக ஏற்றுக்கொண்டதோ 2018 மே மாதம்தான். அதற்குள் குரோம் எங்கோ போய்விட்டது.

அந்த வெளியுறவுத் துறை ஊழியர்கள் என்ன ஆனார்கள்? இன்னொரு பிரவுசர் கிடைத்தது. 2012-ல். ஆனால் அது அவர்கள் கேட்ட ஃபயர்ஃபாக்ஸ் இல்லை, குரோம்! கயிற்றோடு வந்தவன் ஜெயித்தான்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15-ம் தேதி ஓய்வுபெற்றது. அதன் ஆவி மட்டும் எட்ஜ் பிரவுசருக்குள் இன்னும் குடியிருக்கிறது. பழைய ஆபீஸ் சாஃப்ட்வேர்களை ஓட்டுவதற்காகவே அதில் ஒரு தனி ஏற்பாடு. 2029 வரையாவது அது இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் வாக்குக் கொடுத்திருக்கிறது.

இதெல்லாம் பெரிய கம்பெனி சமாசாரம், நமக்கென்ன என்கிறீர்களா? நாளைக்கு ஆபீஸ் போனதும் குரோம் பிரவுசரின் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்திப் பாருங்கள். பட்டியலின் கடைசியில், இந்த பிரவுசரை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று ஒரு வரி இருக்கலாம். 2019-லிருந்து வரும் வரி அது. இருந்தால், கயிறு கட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஹோம் பேஜ் மட்டுமல்ல... எந்தத் தளம் திறக்கலாம், எந்த இணைப்பு மென்பொருளை நீக்கவே முடியாது, எந்தச் சான்றிதழை நம்பலாம் என்பதெல்லாம் அந்தக் கயிற்றில் அடக்கம். இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நிர்வாகி ஒரு சான்றிதழைச் சேர்த்து, நடுவில் ஒரு கருவியையும் வைத்துவிட்டால், பூட்டுச் சின்னம் போட்ட பக்கத்தில் நீங்கள் தட்டுவதையும் அங்கே பிரித்துப் படிக்க முடியும். எல்லா ஆபீஸிலும் படிக்கிறார்கள் என்று சொல்லவில்லை. படிக்க முடியும். சொந்த பாங்க் கணக்கை வீட்டு மெஷினில் பார்ப்பதே உத்தமம்.

அதே வரி உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் தெரிந்தால்? வீட்டில் ஏது நிறுவனம்! சில சமயம் நீங்கள் போட்ட ஆன்டிவைரஸ் காரணமாக இருக்கலாம். சில சமயம், நிர்வாகிகளுக்காகத் திரித்த அதே கயிற்றை எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு திருட்டு சாஃப்ட்வேர் உள்ளே வந்து, நீக்க முடியாதபடி உட்கார்ந்திருக்கலாம். முகவரி இடத்தில் குரோம் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடுகள், பிறகு பாலிசி என்று தட்டினால், என்னென்ன உத்தரவுகள் அமலில் இருக்கின்றன என்று பிரவுசரே பட்டியல் போட்டுவிடும்.

அன்றைக்கு அந்த அரங்கத்தில் கேட்டவரும் நியாயமாகத்தான் கேட்டார். பதில் சொன்னவரும் நியாயமாகத்தான் சொன்னார். கயிறு இல்லாமல் பெரிய ஆபீஸை நடத்த முடியாது. ஆனால், கயிற்றின் மறுமுனையில் இருப்பது யார் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பட்டியலை ஒரு தடவை திறந்து பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.