பந்தலும் மாலையும்: தமிழர் திருமணத்தில் இடமும் மலரும்

முன்னுரை

நாள் குறித்த பின் இடம் தேடுவது பழைய வழக்கம். இன்று நகரங்களில் மண்டபம் கிடைக்கும் நாளே முகூர்த்த நாளாக அமைவதும் உண்டு. அதற்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது மேடையின் பூ அலங்காரம். இரண்டுமே வாடகையும் விலையும் கொண்ட ஏற்பாடுகளாகிவிட்டமையால், இவை ஒரு காலத்தில் சடங்கின் உறுப்புகளாகவே இருந்தன என்பது எளிதில் புலப்படுவதில்லை. மணம் வீட்டைவிட்டு வெளியேறிய வரலாற்றையும் அதனோடு மலரின் பணி மாறிய முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மணல் பரப்பிய பந்தல்

பழந்தமிழ்த் திருமணம் பற்றிய விரிவான சான்றுகள் அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள். முன்னதைப் பாடியவர் நல்லாவூர் கிழார். பின்னதைப் பாடியவர் விற்றூற்று மூதெயினனார். இரண்டும் மருதத்திணைப் பாடல்கள். இரண்டிலும் ஊடலுக்கிடையே தலைவன் தன் மணநாளை நினைவுகூர்கிறான். எனவே இவை சடங்கு நூல்கள் அல்ல, ஒரு கணவனின் நினைவுகள் என்பதை மனத்திற்கொண்டே பயன்படுத்த வேண்டும். தமிழர் அனைவரின் மணமுறையும் இதுவே எனக் கொள்வது மிகையாகும்.

இரு பாடல்களிலும் மணம் மனையைச் சார்ந்தே நிகழ்கிறது. 136ஆம் பாடலில் அலங்கரிக்கப்படும் இடத்தைச் சுட்டும் ‘நகர்’ என்னும் சொல் ஊரைக் குறிக்கவில்லை, மனையையே குறிக்கிறது. பந்தலும் அதனடியில் பரப்பிய மணலும் இரண்டிலும் இடம்பெறுகின்றன. பந்தலடியில் ஆற்றுமணல் பரப்பும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் ஊர்ப்புறங்களில் நீடித்தது. இடம் நிலையானது, அதை மணவிடமாக்கும் பந்தலும் மணலும் ஒரு நாளைக்கு உரியவை.

86ஆம் பாடலில் பந்தலில் மாலைகள் தொங்குகின்றன. ஆயினும் மலரின் தலையாய பணி அலங்காரமன்று. புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் வாழ்த்துக் கூறி மணமகளை நீராட்டுகின்றனர். அந்நீரோடு சொரிந்த ஈர இதழ்கள் நெல்லுடன் அவள் கூந்தலில் தங்கிக் கிடக்கின்றன. 136ஆம் பாடலில் அறுகின் கிழங்கும் குளிர்ந்த மலர்மொட்டும் வெண்ணூலோடு சேர்த்துச் சூட்டப்படுகின்றன. நீக்கினால் சடங்கே குறைபடும் இடத்தில் மலர் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில் காட்சி வேறு. யானை மீது மகளிரை அமர்த்தி மாநகருக்கு மணம் அறிவிக்கப்படுகிறது. மாலைகள் தூண்களின் உச்சியிலிருந்து தாழ்கின்றன. மேலே நீல விதானமும் முத்துப்பந்தரும் அமைகின்றன. வாழ்த்தவரும் மகளிர் கைகளில் மலர் இன்னும் உண்டு. ஆயினும் பெருவணிகர் இல்லத்தில் அது செல்வத்தின் தோற்றமாகவும் மாறியிருப்பதைக் காணலாம்.

கடவுளின் மண்டபமும் மனிதரின் மண்டபமும்

‘கல்யாண மண்டபம்’ என்னும் தொடரின் வரலாறு தனியே கருதத்தக்கது. வேலூர்ச் சலகண்டேசுவரர் கோயிலிலும் காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலிலும் விசயநகரக் காலத்தில் எழுந்த கல்மண்டபங்கள் இப்பெயரால் வழங்குகின்றன. அவை இறைவனின் திருக்கல்யாணத்திற்கு உரியவை. ஆண்டுதோறும் மணம் காணும் தெய்வத்திற்குக் கல்லில் மண்டபம். வாழ்வில் ஒருமுறை மணம் காணும் மனிதருக்குக் கீற்றில் பந்தல். இருபதாம் நூற்றாண்டில் இப்பெயர் வாடகைக் கட்டடத்திற்குப் பெயர்ந்தபோது இந்த வேறுபாடு மறைந்தது.

இடப்பெயர்வின் காரணங்கள் வெளிப்படையானவை. ஒண்டுக்குடித்தனத்திலும் அடுக்ககத்திலும் வாழ்வோருக்குப் பந்தலிட வாசல் இல்லை. செட்டிநாட்டு வீடுகள் இதற்கு விலக்கு. முகப்பும் வளவும் கொண்ட அவ்வீடுகளில் பெருங்கூட்டத்தைக் கூட்டி மணம் நடத்த முடிந்தது. சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’ தமிழ்த் திருமணத்தை அப்படியே அமெரிக்காவுக்குக் கொண்டுசென்று சிரிக்க வைத்தது. மணத்தை ஓரிடத்திலிருந்து பெயர்த்து எங்கும் நடத்தலாம் என்னும் எண்ணம் 1960களிலேயே வாசகருக்குப் புரியத் தொடங்கியிருந்தமையால்தான் அந்த நகைச்சுவை எடுபட்டது.

பந்தல் முற்றிலும் மறைந்துவிடவில்லை. மணம் மண்டபத்தில் நடந்தாலும் முகூர்த்தக்கால் பல குடும்பங்களில் இன்றும் வீட்டு வாசலில்தான் நடப்படுகிறது. மண்டபத்தோடு கீற்று சேர்ந்ததன் கொடிய விளைவு 2004 ஜனவரியில் திருவரங்கத்தில் நேர்ந்தது. ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் இட்ட கீற்றுப் பந்தல் தீப்பற்றியதில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

மாலை நேர வரவேற்பு மலரின் தேர்வையும் மாற்றியது. மல்லிகை அதிகாலையில் மொட்டாகப் பறிக்கப்பட்டு மாலையில் விரிவது. கூந்தலுக்கு ஏற்றது, நாள் கடந்து நில்லாது. பனிக்காலத்தில் அதன் விளைச்சல் சுருங்கும். மார்கழி கழிந்து தையில் மணங்கள் தொடங்கும்போது விலை ஏறுவதற்கு இதுவே காரணம். மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் வரவேற்பு மேடையின் பின்புறத்தை நிறைப்பவை ஓசூர்ப் பகுதிப் பசுமைக்குடில்களில் விளையும் ரோசாவும் கார்னேசனும் செர்பராவும். நறுமணத்தைவிட நிறமும் வாடாமையும் இங்கு வேண்டப்படுகின்றன. மலர் மணமகளைவிட்டுப் புகைப்படத்தின் பின்னணிக்குச் சென்றது.

மாலை சட்டமான கதை

இதற்கு நேர்மாறான ஒரு போக்கும் அதே நூற்றாண்டில் நிகழ்ந்தது. முதல் சுயமரியாதைத் திருமணம் 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்ததாகக் கொள்வர். புரோகிதரும் வேள்வித்தீயும் நீங்கிய அம்முறையில் மணமக்கள் மாலை மாற்றிக்கொள்வதே மணத்தின் நடுவாயிற்று. இவ்வகை மணம் ஒன்றை 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தலோ, மாலையோ மோதிரமோ அணிவித்தலோ, தாலி கட்டுதலோ மணத்திற்குப் போதும் என அது வகுத்தது. மேடையில் அலங்காரமாகிக்கொண்டிருந்த மலர், சட்டத்தில் மணத்தை நிறைவேற்றும் செயலின் கருவியாயிற்று.

அப்பிரிவு இடம் எதனையும் குறிப்பிடவில்லை. இந்த மௌனத்தின் பொருள் நீதிமன்றங்களில் விவாதிக்கப்பட்டது. வழக்குரைஞர் அலுவலகங்களில் மறைவாக நடக்கும் மணங்கள் செல்லா என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. பந்தலும் மண்டபமும் ஊரறியச் செய்வதற்கானவை என்னும் பழைய எண்ணமே அதன் அடியில் இருந்தது எனலாம். ஊருக்கு அறிவிக்கவே இயலாத இணையர், குடும்பத்தின் எதிர்ப்புக்கு அஞ்சி வாழ்வோர், அவ்வெண்ணத்தின்படி மணம் செய்யவே முடியாதவராகின்றனர். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அக்கருத்தை ஏற்கவில்லை. 7-அ பிரிவின்கீழ் மணம் பொதுவெளியில் நடக்க வேண்டியதில்லை என்றும், தம் தொழில்நிலையில் அன்றி நண்பராகவோ உறவினராகவோ வழக்குரைஞர் உடனிருக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது.