குருதி சுற்றிவரும் வழி

நாடி பிடித்துப் பார்த்து நோயறியும் வழக்கம் மிகத் தொன்மையானது. கீழ்நாட்டாரும் மேல்நாட்டாரும் அதனை நெடுங்காலமாகக் கைக்கொண்டு வந்தனர். ஆயின், விரலின் கீழே துடிக்கும் அந்நாடியில் ஓடுகின்ற குருதி எங்கிருந்து புறப்படுகின்றது, எங்கே சென்று சேர்கின்றது என்னும் வினாவுக்குச் சரியான விடை 1628ஆம் ஆண்டிலேதான் அச்சேறியது. அவ்விடையைத் தந்தவர் வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில மருத்துவர்.

அதற்கு முன்னர் ஐரோப்பிய மருத்துவ உலகை ஆண்டது கேலன் என்னும் கிரேக்க மருத்துவரின் கொள்கையாகும். கி. பி. இரண்டாம் நூற்றாண்டிலே உரோமாபுரியிற் புகழுடன் விளங்கிய அவர் பேரறிஞர்; குரங்கு, பன்றி முதலிய விலங்குகளை அறுத்துச் சோதித்தவர். உண்ட உணவு ஈரலிலே குருதியாக மாறுகின்றது என்றும், அக்குருதி நாளங்கள் வழியே உறுப்புக்களை அடைந்து, வயலிற் பாய்ந்த நீர்போல அங்கேயே உறிஞ்சப்படுகின்றது என்றும் அவர் கற்பித்தார். அதில் ஒரு பகுதி, இதயத்தின் நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குப் புலனாகாத துளைகளினூடாக வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குக் கசிகின்றது என்பதும் அவர் கொள்கை. அத்துளைகளை எவருங் கண்டதில்லை. எனினும், கேலன் கூறினார் என்பதே போதிய சான்றாகக் கொள்ளப்பட்டுப் பல நூற்றாண்டுகள் கழிந்தன.

ஐயுற்றோரும் இருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அன்னபீஸ் என்னும் அராபிய மருத்துவர், நடுச்சுவரிலே துளையில்லை என்றும், குருதி நுரையீரல் வழியாகவே இடப்பக்கத்தை அடைகின்றது என்றும் எழுதிவைத்தார். ஸ்பானிய அறிஞராகிய மைக்கேல் சேர்வேற்றஸ் தம் சமய நூலொன்றில் இதனையொத்த கருத்தை வெளியிட்டார். 1553இல் ஜெனீவாவிலே அவர் உயிரோடு எரிக்கப்பட்டார். சமயக் கருத்துக்களுக்காகவே அத்தண்டனை விதிக்கப்பட்டதெனினும், மரபை மறுப்போர்க்கு அக்காலம் எத்தகையது என்பதை அது காட்டிற்று.

1578இல் பிறந்த ஹார்வி, கேம்பிரிட்ஜிலே கற்றபின் இத்தாலியிலுள்ள பாதுவாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1602இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அங்கே அவருடைய ஆசிரியராகிய பப்ரிசியஸ், நாளங்களினுள்ளே சிறு வால்வுகள் இருப்பதை எடுத்துக் காட்டினார். குருதியின் வேகத்தைத் தணிப்பதற்கே அவை அமைந்தன என்பது ஆசிரியரின் கருத்து. அவை யாவும் இதயப் பக்கமாகவே திறப்பதேன் என்ற வினாவோ மாணவர் உள்ளத்தில் நிலைத்தது.

இலண்டனுக்குத் திரும்பி மருத்துவத் தொழில் புரிந்த ஹார்வி, பாம்பு, தவளை, நாய் முதலிய பல உயிர்களின் இதயத்தை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார். பின்னர் எவருஞ் செய்யாத ஒன்றைச் செய்தார், கணக்குப் போட்டார். ஒரு துடிப்புக்கு அரை அவுன்சு குருதியே வெளியேறுவதாகவும், அரைமணி நேரத்தில் ஆயிரம் துடிப்புக்களே நிகழ்வதாகவும் குறைத்து மதித்தாலும், அந்த அரைமணியில் 500 அவுன்சு குருதி இதயத்தை விட்டுச் செல்லவேண்டும். உடலிலுள்ள குருதி முழுவதும் அவ்வளவு இல்லை. உண்ணும் உணவும் அத்துணைக் குருதியை ஆக்கவல்லதன்று. ஆகவே, சென்ற குருதியே மீண்டும் வருகின்றது என அவர் துணிந்தார்.

அதனை மெய்ப்பிக்கும் சோதனை மிக எளியது. புயத்தை இறுகக் கட்டினால், கட்டுக்குக் கீழே நாடித் துடிப்பு நின்று கை குளிர்கின்றது. கட்டைச் சற்றே தளர்த்தினால், ஆழத்திலுள்ள நாடி வழியே குருதி கைக்குள் இறங்குகின்றது. மேலாக உள்ள நாளங்களோ திரும்ப வழியின்றிப் புடைத்து நிற்கின்றன. புடைத்த நாளத்திலுள்ள குருதியை விரலால் விரல்நுனிப் பக்கமாகத் தள்ளினால், வால்வு தடுத்துவிடுகின்றது. நாடி வழியே செல்லும் குருதி நாளம் வழியே மீள்கின்றது என்பதற்கு அவரவர் கையே சாட்சியாயிற்று.

எழுபத்திரண்டு பக்கங்கொண்ட அவருடைய இலத்தீன் நூல் 1628இல் பிராங்போர்ட் நகரில் வெளிவந்தது. உலகமே தமக்குப் பகையாகுமோ என்ற அச்சத்தை ஹார்வி அந்நூலிலேயே வெளியிட்டிருந்தார். அவரைப் பித்தரென்று சிலர் கருதினர் என்றும், நோயாளர் வருகை பெரிதுங் குறைந்தது என்றும் அவரை அறிந்த ஜோன் ஓப்ரி எழுதியுள்ளார். பாரிசின் பெரும் பேராசிரியர் ரியோலான் அக்கொள்கையை எதிர்த்தார். அவருக்கு ஹார்வி 1649இல் அமைதியாக மறுமொழி எழுதினார்.

எனினும் ஒரு குறை இருந்தது. நாடியிலிருந்து நாளத்துக்குக் குருதி எவ்வழியாகச் செல்கின்றது என்பதை ஹார்வி கண்டிலர். தசையிலே நுண்ணிய வழிகள் இருத்தல் வேண்டும் என்று ஊகித்தார். 1657இல் அவர் காலமானார். நான்கு ஆண்டுகளின் பின்னர், 1661இல், மல்பீஜி என்னும் இத்தாலிய அறிஞர் தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியினாற் பார்த்து, நாடியையும் நாளத்தையும் இணைக்கும் மயிர்த்துளைக் குழாய்களைக் கண்டார். ஹார்வியின் நூல் வெளிவந்த 1628ஆம் ஆண்டிலேயே பிறந்தவர் அவர்.

கேலனும் கண்ணுக்குப் புலனாகாத வழியொன்றை நம்பினார். ஹார்வியும் அத்தகைய வழியொன்றை நம்பினார். முன்னவர் தம் கொள்கைக்கு வேண்டியதால் துளைகளைக் கற்பித்தார். பின்னவரை அளவையும் சோதனையும் அம்முடிபுக்குக் கொண்டு சென்றன. முன்னையது பொய்த்தது, பின்னையது கண்முன்னே தோன்றியது. ஓய்ந்திருக்கும் மனிதனின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் குருதியை வெளியேற்றுகின்றது என்பது இன்றைய அளவீடு. வளர்ந்தவரின் உடலிலுள்ள குருதியும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே, ஒரு நிமிடத்துள் உடலின் குருதி அளவு முழுவதும் ஒருமுறை இதயத்தைக் கடந்துவிடுகின்றது. குறைத்து மதித்த அரை அவுன்சுக் கணக்கிலிருந்து பிறந்தது அவ்வுண்மை.