நிலக்கரி ஏறும் வரை: ஃபுஞ்சல் கரையில் ஒரு பகல்

லிஸ்பனுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 1000 கி.மீ. தொலைவில், எரிமலைக் குழம்பால் உருவாகி அட்லாண்டிக் கடலில் செங்குத்தாக எழுந்து நிற்கும் மதீராத் தீவு, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் அங்குக் குடியேறிய காலம் தொட்டே, தெற்கு நோக்கிச் செல்லும் கப்பல்கள் தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொள்ளும் இடமாக இருந்துவந்தது. தீவின் தலைநகரான ஃபுஞ்சலில் 1768 செப்டம்பரில் நங்கூரமிட்ட ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் 3000 காலனுக்கும் மேற்பட்ட மதுவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. வெப்பமண்டலக் கடலில் பீப்பாயோடு சூடேறித் திரும்பிய மது கெடாததுடன் சுவையும் கூடியிருந்ததைக் கண்ட வணிகர்கள், அந்தச் சுவைக்காகவே பீப்பாய்களைக் கடற்பயணம் அனுப்பிய காலமும் உண்டு.

எனினும், பயணி ஒருவர் கப்பலை விட்டிறங்கி ஒரு பகலைத் தீவில் கழித்துவிட்டு மாலையில் திரும்பும் வழக்கத்தை நிலைநிறுத்தியது மதுவைவிட நிலக்கரியே எனலாம். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குச் சென்ற நீராவி அஞ்சல் கப்பல்கள் ஏறத்தாழ நான்கு நாள் ஓட்டத்தில் ஃபுஞ்சலை அடைந்தன. அங்குப் பிளாண்டி குடும்பம் போன்ற ஆங்கிலேய வணிகர்கள் கிடங்குகளில் குவித்து வைத்திருந்த நிலக்கரி, தட்டையான சரக்குப் படகுகளில் கப்பலுக்கு வந்து சேர்ந்தது. நிலக்கரி ஏறும்போது கரித்தூள் எங்கும் படியும் என்பதால், அந்தச் சில மணி நேரம் கப்பலில் இருப்பதைவிடக் கரையில் உலவுவதே பயணிகளுக்கு உகந்ததாயிற்று.

பெரிய கப்பல்கள் அணையத்தக்க துறைமுகம் அன்று முழுமை பெறாததால், பயணிகள் சிறு படகுகளில் இறங்கிக் கூழாங்கல் நிறைந்த கடற்கரையை அடைய வேண்டியிருந்தது. அதற்கு முன்பே படகு வணிகர்கள் பூத்தையல் துணிகளோடும் பிரம்பு நாற்காலிகளோடும் கப்பலைச் சூழ்ந்துகொள்வர். பயணிகள் வீசும் நாணயங்களைச் சிறுவர்கள் நீரில் பாய்ந்து, அடியைத் தொடுமுன் பிடித்து மேலே வருவர். 1850களின் தொடக்கத்தில் திராட்சைக் கொடிகளைப் பூஞ்சை நோயும், 1870களில் வேரை உறிஞ்சும் ஃபைலோக்ஸெரா என்னும் பூச்சியும் அழித்து மது வணிகம் ஒடுங்கிய பின், தீவின் பெண்கள் வீட்டில் தைத்த பூத்தையலே பல குடும்பங்களுக்குப் பிழைப்பாயிற்று. பயணி நினைவுப்பொருளாக வாங்கிய கைக்குட்டைக்குப் பின்னால் இந்த இழப்பு இருந்தது.

கரையேறியவர்களுக்காகக் காத்திருந்த ஊர்தி சக்கரமற்றது. சிறு கூழாங்கற்களை நெருக்கிப் பதித்த செங்குத்தான தெருக்களுக்கு ஏற்ப, இரு மரச்சறுக்குக் கட்டைகளின் மேல் திரையிட்ட கூடாரப் பெட்டியை அமைத்து எருதுகளைப் பூட்டினர். உடன் நடக்கும் ஆள் கொழுப்பில் தோய்த்த கந்தலை அவ்வப்போது கட்டைகளின் அடியில் இட்டு உராய்வைக் குறைத்தான். மலையேற இயலாதோரைத் தண்டில் கட்டிய தூளியில் இருவர் தோளில் சுமந்தனர். பின்னர், பற்சக்கரத்தின் துணையால் சரிவேறும் ரயில்பாதை 1893இல் திறக்கப்பட்டு, அடுத்த ஆண்டு நகருக்கு மேலுள்ள மொந்தே என்னும் சிற்றூரை எட்டியபோது, மேலே ரயிலிலும் கீழே பிரம்புச் சறுக்கு வண்டியிலும் போவது கரைப்பகலின் வழக்கமான வரிசையாயிற்று.

சுமார் 1850 முதல் ஓடிவந்த இந்தச் சறுக்கு வண்டி, மலைவாசிகள் நகருக்கு விரைந்து இறங்கும் போக்குவரத்தாகவே தோன்றியது. வெள்ளாடையும் வைக்கோல் தொப்பியும் அணிந்த இரு ஓட்டிகள் பின்னால் கயிற்றைப் பிடித்து நின்று, காலணிகளின் தடித்த ரப்பர் அடியைத் தரையில் அழுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்துவர். வேறு தடுப்புக்கருவி இல்லை. 1919இல் ரயில் எஞ்சினின் கொதிகலன் வெடித்து நால்வர் இறந்ததும், 1943இல் ரயில் சேவை நின்று தண்டவாளங்கள் அகற்றப்பட்டதும் சறுக்கு வண்டியை முற்றிலும் நிறுத்தவில்லை.

ஒரு பகலில் திரும்ப மனமில்லாதோருக்கும் நுரையீரல் நோயாளிகளுக்கும் விடுதிகள் இருந்தன. 1836இல் தீவுக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் ரீட் தொடங்கிய விடுதித் தொழிலைத் தொடர்ந்து, அவர் இறந்த பின் அவருடைய மகன்கள் 1891இல் கடற்பாறை மேல் திறந்த விடுதியே அவற்றுள் புகழ்பெற்றது. அதே துறைமுகத்திலிருந்துதான், வறுமையால் 1835 முதல் பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்குத் தீவினர் புறப்பட்டனர். 1845இல் சென்னையிலிருந்து சென்ற ஒப்பந்தக் கூலிகளும் அக்கயானாவுக்கே போய்ச் சேர்ந்தனர். தீவின் அழகைப் பேசும் வரலாறு இந்தப் புறப்பாட்டையும் சேர்த்துச் சொல்லாவிடில் பாதி வரலாறே.

எண்ணெயில் ஓடும் கப்பல்கள் நிலக்கரிக் கிடங்குகளைத் தேவையற்றதாக்கின. 1964இல் விமான நிலையம் திறக்கப்பட்டது. கேப் அஞ்சல் கப்பல் சேவை 1977இல் முடிந்தது. இன்று உல்லாசக் கப்பல்கள் பொந்தின்யா அலைதாங்கியில் அணைய, பயணிகள் 2000இல் தொடங்கிய கம்பிவட ஊர்தியில் மொந்தேக்கு ஏறி, அங்கிருந்து லிவ்ரமெந்தோ வரை சுமார் 2 கி.மீ. பிரம்பு வண்டியில் சறுக்கி இறங்குகின்றனர். காலியான வண்டிகள் லாரியில் மீண்டும் மேலேறுகின்றன.