வெண்கருவில் பதிந்த முகங்கள்

சென்னைப்பட்டணத்தில் ஒளிப்படக் கலை வேரூன்றியது 1850களில். மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் நிறுவிய கலைப்பள்ளியில் அது பின்னர்ப் பாடமாயிற்று. 1856இல் சென்னை ஒளிப்படச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டிலேயே அரசாங்கப் படப்பிடிப்பாளராக அமர்ந்த லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சைக் கோயில்களையே பெரிதும் படமாக்கினார். கோயில் அசையாது, மனிதர் அசைவர். ஆகவே உருவப்படத்துக்கு அமர்வோரின் பிடரிக்குப் பின்னே, தலை ஆடாதிருக்க இரும்புத் தாங்கி ஒன்றை நிறுத்துவதுண்டு. பழம்படங்களில் காணும் இறுகிய முகங்களுக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படங்கள் எப்பொருளால் ஆனவை என்பதே சமணர் அறியத்தக்க செய்தி. 1851இல் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட முறையில், அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் பூசினர். பூச்சு உலரும் முன்னரே படம்பிடித்து முடிக்கவேண்டும். சென்னை வெயிலில் அது எளிய காரியமன்று. ஆயினும் பஞ்சு தாவரப் பொருள், அதுவரை குறையில்லை. அத்தகட்டிலிருந்து தாளில் அச்செடுக்கும்போதுதான் சிக்கல் எழுந்தது. பிளாங்கார் எவ்ரார் என்னும் பிரெஞ்சுக்காரர் 1850இல் அறிமுகப்படுத்திய தாளில் கோழிமுட்டையின் வெண்கருவே உப்புடன் கலந்து பூசப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதிவரை உலகெங்கும் அத்தாளே கோலோச்சிற்று. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் மட்டும் நாளொன்றுக்கு 60,000 முட்டைகள் செலவாயின என்பர்.

முட்டையின்றி அச்சிடும் முறைகளும் இருந்தன. வெறும் உப்புத்தாள் அதற்கு முந்தையது. 1873இல் பிளாட்டின முறையும் வந்தது. மெருகும் மலிவும் வேண்டியோர் அவற்றை நாடவில்லை. பின்னர் வந்த உலர்தகடோ எலும்பும் தோலும் காய்ச்சி எடுத்த ஜெலட்டினால் ஆனது. ஒன்றிலிருந்து தப்பினால் மற்றொன்று!

இரவுணவையும் நீக்கிய இல்லறத்தார் படத்துக்கு அமர்ந்தபோது இதனை அறிந்திருத்தல் அரிது. இல்லறத்தான் முற்றும் விலக்கவேண்டியது சங்கற்ப இம்சை. அறியாது நேர்ந்ததை அவ்வகையில் சேர்த்தல் முறையன்று. ஆனால் அறிந்தபின் அச்சிட்டு விற்றவர் கணக்கு வேறு.

புதுவாயல் விழாவுக்கு வரும் குடும்பங்களில் எவரிடமேனும் அக்காலத்துப் படம் இருப்பின் அடையாளம் காண்பது எளிது. மெல்லிய தாள் தடித்த அட்டைமேல் ஒட்டப்பட்டிருக்கும், மேற்பரப்பு லேசாக மினுங்கும், நிழற்பகுதி செம்பழுப்பாயிருக்கும். வெண்மையாயிருந்த இடங்களில் இன்று படர்ந்துள்ள மஞ்சள், பெரும்பாலும் அந்த வெண்கரு முதிர்ந்ததால் வந்த நிறமே.