மேற்குக் கரைக் கால்வாய்களும் இலங்கையின் பொருளாதார வரலாறும்

நதி இயற்கை தந்த வழி. கால்வாயோ மனிதன் ஒரு தேவையை முன்னிட்டுத் தன் கையால் வெட்டிய வழி. ஆதலால், ஒரு கால்வாய் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை நோக்கின், அதனை வெட்டுவித்தோர் எதனை வேண்டி நின்றனர் என்பதும் புலனாகும். இவ்வகையில், இலங்கையின் கால்வாய்கள் அந்நாட்டின் பொருளாதார வரலாற்றை நிலத்திலேயே எழுதி வைத்துள்ளன எனலாம். கொழும்பிலிருந்து புத்தளம் வரை நீளும் மேற்குக் கரை நீர்வழியின் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கால்வாய் வெட்டுதல் இலங்கையருக்குப் புதிய கலையன்று. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கலாவெவ நீர்த்தேக்கத்தை அமைத்தான். அதிலிருந்து அநுராதபுரத்துத் திசாவெவைக்கு நீர் கொணர்ந்த ஜயகங்கை ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் முதற் 17 மைல் தூரத்திலும் மைலொன்றுக்கு ஓரடியிலும் குறைந்த சரிவே காணப்படுகின்றது. நவீன கருவிகள் எவையுமின்றி இத்துணை நுட்பமாக நிலமட்டம் கண்ட பொறியியலறிவு வியத்தற்குரியது. இக்கால்வாய் குளத்தில் தொடங்கி, இடையேயுள்ள சிறு குளங்களுக்கும் வயல்களுக்கும் நீரூட்டி, தலைநகரின் குளத்தில் முடிந்தது. உழவே அக்காலப் பொருளாதாரத்தின் அச்சாணி என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தலைநகர் தென்மேற்கே பெயர்ந்து, 15ஆம் நூற்றாண்டிற் கோட்டை இராச்சியம் தலையெடுத்தபோது நிலைமை மாறிற்று. கறுவா, பாக்கு, மிளகு முதலிய பண்டங்களுக்குக் கடல் கடந்த சந்தை விரிந்தது. கோட்டை மன்னன் வீர பராக்கிரமபாகு நீர்கொழும்பையும் கொழும்பையும் இணைக்கும் நீர்வழியொன்றை அமைத்தான் என மரபு கூறும். பின்னர் வந்த ஒல்லாந்தர் இவ்வழியைச் செப்பனிட்டு நீட்டி, ஒரு பெரும் வணிகப் பாதையாக்கினர்.

1656இற் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனிக்குக் கறுவாவே இலங்கையின் முதற் செல்வமாயிருந்தது. நீர்கொழும்பை அடுத்த நிலத்தின் கறுவா உயர்தரமானதெனப் பெயர் பெற்றிருந்தது. ஆயின், அதனைக் கொழும்புத் துறைமுகத்திற் சேர்ப்பது எளிதாயிருக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கரையோரக் கடல் கொந்தளிக்கும். தரைப்பாதையை ஆறுகளும் சதுப்பு நிலங்களும் குறுக்கிடும். இயற்கையான களப்புகளைக் கால்வாய்களால் தொடுத்துவிட்டால் இவ்விரு தடைகளும் நீங்கும் என்பதை, தம் தாய்நாட்டிலேயே கால்வாய்களோடு பழகிய ஒல்லாந்தர் நன்குணர்ந்திருந்தனர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையினாற் கண்டி மன்னன் கரையோரம் முழுவதையும் அவர்களுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்ததும், நீர்வழியைப் புத்தளம் வரை ஓருடைமையாக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டிற்று. நீர்கொழும்புக் களப்பு, சிலாபக் களப்பு, முந்தல் ஏரி, புத்தளக் களப்பு ஆகியவை இவ்வாறு ஒரே சங்கிலியின் கண்ணிகளாயின.

இதனால் விளைந்த பொருளாதார நன்மை சிறிதன்று. மாட்டு வண்டிகள் பல சேர்ந்து இழுக்க வேண்டிய சுமையை, தட்டையான அடியும் ஓலைக் கூரையும் கொண்ட ஒரு படகு, தடியூன்றித் தள்ளும் இரண்டு மூன்று பேரின் உழைப்பினாற் கொண்டு சென்றது. புத்தளத்து உப்பு, உள்ளூர்ப் பாக்கு, கறுவா, பிற்காலத்தில் தேங்காயெண்ணெயும் கொப்பராவும் இவ்வழியே கொழும்பையடைந்தன. திரும்பும் படகுகள் அரிசியும் துணியும் ஏற்றிச் சென்றன. கரையோரச் சிற்றூர்கள் பல சந்தைகளாக வளர்ந்தன.

எனினும், நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடையே கிடக்கும் முத்துராஜவெல, பெயருக்கேற்ப ஒரு காலத்தில் மன்னருக்குரிய செழிப்பான நெல்வயலாக விளங்கியது. களப்பையும் ஆற்றையும் இணைத்த கால்வாய் வழியே படகு மட்டும் வரவில்லை. கடலின் உவர்நீரும் உடன் வந்தது. நன்னீரில் விளைந்த வயல்கள் உவர் நிலங்களாகி, உழவர் கைவிட்ட சதுப்பாயின. ஆங்கிலேயர் ஆட்சி தொடங்கியதும் இத்தீங்கை நீக்க முயன்றனர். கவின் ஹமில்டன் என்னும் அதிகாரியின் பெயர் தாங்கிய ஹமில்டன் கால்வாய், 1802இல் தொடங்கப்பெற்று 1804இல் முடிவுற்றது. களனி கங்கையை அண்டித் தொடங்கி வடக்கே பமுணுகம நோக்கிச் செல்லும் அதன் நீளம் ஏறத்தாழ 14.5 கிலோமீற்றர். உவர்நீரை வடித்து வயல்களை மீட்பதே அதன் நோக்கம். ஆனால் முத்துராஜவெல மீண்டும் நெற்களஞ்சியமாகவில்லை. கொம்பனியின் கணக்கேட்டிற் கறுவாவின் இலாபம் பதிவாயிற்று. உழவன் இழந்த நெல்லோ எந்த இலாபக் கணக்கிலும் கழிக்கப்படவில்லை.

19ஆம் நூற்றாண்டிற் பொருளாதாரத்தின் மையம் கரையை விட்டு மலைக்கு ஏறிற்று. கோப்பியும் அதன்பின் தேயிலையும் மலைநாட்டில் விளைந்தன. கால்வாயால் மலையேற இயலாது. எட்வேர்ட் பார்ன்ஸ் தேசாதிபதியின் காலத்திற் கண்டி வீதி திறந்தது. 1867இற் புகையிரதம் கண்டியை அடைந்தது. தென்னந் தோட்டங்களின் விளைபொருளே கரையோரக் கால்வாய்க்கு எஞ்சியது. அதனையும் 1909இல் நீர்கொழும்பையும், 1916இற் சிலாபத்தையும், 1926இற் புத்தளத்தையும் அடைந்த புகையிரதப் பாதை படிப்படியாகக் கவர்ந்துகொண்டது. சென்னைக்கு உப்பும் விறகும் கொணர்ந்த பக்கிங்காம் கால்வாயும் இவ்வாறே புகையிரதத்துக்கும் வீதிக்கும் தோற்றது என்பது ஒப்புநோக்கற்பாலது.

இங்கு வரலாற்றின் ஒரு முரணையும் சுட்டுதல் பொருந்தும். உள்நாட்டுக் கால்வாய் தளரத் தொடங்கிய அதே நூற்றாண்டில், பல்லாயிரம் மைலுக்கு அப்பால் வெட்டப்பட்ட வேறொரு கால்வாய் கொழும்பை உயர்த்திற்று. 1869 நவம்பர் 17ஆந் திகதி சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், ஐரோப்பாவிலிருந்து கீழைத்தேயம் வரும் நீராவிக் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றும் தேவை ஒழிந்தது. அக்கப்பல்களுக்கு நிலக்கரியும் நீரும் வழங்கும் துறைமுகம் வேண்டியிருந்தது. 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1885இல் நிறைவெய்திய அலைதடுப்பு அணையினாற் கொழும்பு பாதுகாப்பான துறைமுகமாகி, காலியின் முதன்மையைத் தனதாக்கிக்கொண்டது. பேரை வாவியின் கரையிற் பண்டசாலைகள் எழுந்தன. வாவியையும் துறைமுகத்தையும் இணைத்த வாய்க்காலும், வாவியைக் களனி கங்கையோடு தொடுத்த சான் செபஸ்தியன் கால்வாயும் நகர வணிகத்துக்குச் சிலகாலம் உதவின.

பாரவண்டிகள் பெருகவே அப்பணியும் முடிந்தது. வணிகம் அற்ற கால்வாய் பயனற்றதெனக் கருதப்பட்டுக் குப்பை கொட்டும் இடமாயிற்று. அதனையடுத்த சதுப்பு நிலங்கள் மண்ணிட்டு நிரப்பப்பட்டன. புகலற்ற ஏழைக் குடும்பங்கள் அதன் கரைகளிற் குடிசையமைத்தன. கால்வாயின் மற்றொரு தொழிலை அனைவரும் மறந்திருந்த நிலையில், இயற்கை அதனை நினைவூட்டிற்று. 1992 யூன் மாதத்தில் ஒரு நாளுக்குள் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை பெய்து கொழும்பு நீரில் மூழ்கியது. 2010 நவம்பரில் மீண்டும் பெருமழை பெய்தபோது, சதுப்பு நிலத்தினிடையே 1982இல் எழுந்த பாராளுமன்றக் கட்டடத்தையும் வெள்ளம் சூழ்ந்தது. நுகேகொடையை அண்டி ஓடும் கிருலப்பனைக் கால்வாயும், வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கடலையடையும் கால்வாய்களும் நகரின் நீரை வடிக்கும் நாளங்கள் என்பது அப்பொழுது தெளிவாயிற்று. நிலம் ஏறக்குறைய மட்டமானதாதலால், நீர் விரைந்து வடிய வழியில்லை. கால்வாய் அகன்றிருப்பதும், மழைநீரைச் சற்றே தாங்கிக்கொள்ளச் சதுப்பு நிலம் எஞ்சியிருப்பதும் இன்றியமையாதன. 1990களில் யப்பானிய நிதியுதவியுடனும், 2012இன் பின் உலக வங்கியின் உதவியுடனும் மேற்கொள்ளப்பட்ட திருத்தப் பணிகளுக்கு நாடு பெருங்கடன் பட்டது. முறையாகப் பேணியிருந்தால் இதில் ஒரு பகுதியேனும் மிஞ்சியிருக்கும்.

தொகுத்து நோக்குமிடத்து, கால்வாய்கள் வணிகத்தை வளர்த்தன என்பது மறுக்கவொண்ணாத உண்மை. ஆயின், வணிகம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு கால்வாயை வெட்டியபோது முத்துராஜவெலவின் வயல் அழிந்தது. அதே அளவுகோலால் அதனைக் கைவிட்டபோது கொழும்பு வெள்ளத்தில் ஆழ்ந்தது. இருமுறையும் இழப்பைச் சுமந்தோர் அம்முடிவுகளை எடுத்தோரல்லர். முன்னர் உழவரும், பின்னர் தாழ்நிலத்துக் குடிசை மக்களுமேயாவர். ஒரு கால்வாய் எவ்வளவு பண்டம் ஏற்றிச் சென்றது என்று மட்டும் கேட்பது வணிகரின் வரலாறு. அது யாருடைய வயலுக்கு நீர் தந்தது, யாருடைய வாசலிலிருந்து நீரை வடித்தது என்றும் கேட்கும்போதே அது மக்களின் வரலாறாகும்.