பாரிஸ், லண்டனில் சொந்தக்காரங்க காரை ஓட்டப் போறீங்களா? புகைக் கட்டுப்பாட்டு மண்டல விதிகள் என்ன?

காரைக்கால் 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களும் இங்கு இருந்தன. அந்த உறவு இன்றும் தொடர்கிறது. விடுமுறைக்கு பாரிஸ் போகிறவர்கள் பலர் சித்தப்பா வீட்டு காரையோ, மாமா வீட்டு காரையோ வாங்கி ஓட்டுவது உண்டு. லைசென்ஸ் சரியாக இருந்தாலும், கார் பழசாக இருந்தால் அபராதம் வரலாம். எப்படி? பார்ப்போம்.

புகைக் கட்டுப்பாட்டு மண்டலம்னா என்ன?

அதிகம் புகை கக்கும் வண்டிகள் நுழையத் தடையோ, கட்டணமோ உள்ள நகரப் பகுதி இது. ஓட்டுபவர் யார், எந்த நாட்டவர் என்பதை வைத்து விதி மாறாது. வண்டி என்ன எரிபொருளில் ஓடுகிறது, எந்த ஆண்டு பதிவானது என்பதுதான் கணக்கு. நம்ம ஊர் பிஎஸ்-6 மாதிரி அங்கே யூரோ 4, யூரோ 5, யூரோ 6 என்று தரம் பிரிக்கிறார்கள்.

பாரிஸில் என்ன விதி?

கார் கண்ணாடியில் 'கிரிட்ஏர்' என்ற வட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். மின்சார வண்டிக்குப் பச்சை. மற்றவற்றுக்கு 1 முதல் 5 வரை எண். எண் கூடக் கூட மாசும் அதிகம்.

2025 ஜனவரி 1 முதல் பாரிஸிலும், அதைச் சுற்றி ஏ86 சாலைக்கு உட்பட்ட பகுதியிலும் 3-ம் எண் வண்டிகளுக்கும் தடை வந்தது. அதாவது 2006-க்கு முந்தைய பெட்ரோல் கார், 2011-க்கு முந்தைய டீசல் கார். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இது பொருந்தும். கார்களுக்கு அபராதம் 68 யூரோ.

இந்த மண்டலங்களையே ரத்து செய்ய பிரான்ஸ் தேசிய நாடாளுமன்றம் 2025-ல் வாக்களித்தது. எனவே கிளம்பும் முன் அப்போதைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். மாசு அதிகமான நாட்களில் தற்காலிகக் கட்டுப்பாடு தனியாக வரும். அதற்கும் இதே ஸ்டிக்கர்தான்.

லண்டனில்?

அங்கே ஸ்டிக்கர் கிடையாது. கேமராவே நம்பர் பிளேட்டைப் படித்துவிடும். 2023 ஆகஸ்ட் 29 முதல் ஹாரோ, குரோய்டன் உட்பட லண்டனின் எல்லா பகுதிகளும் மண்டலத்துக்குள் வந்துவிட்டன. பெட்ரோல் கார் யூரோ 4, டீசல் கார் யூரோ 6 தரத்தில் இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. கிறிஸ்துமஸ் தவிர எல்லா நாளும், 24 மணி நேரமும் உண்டு.

பயணித்த நாளுக்குப் பிறகு மூன்றாம் நாள் நள்ளிரவுக்குள் கட்ட வேண்டும். தவறினால் அபராதம் 180 பவுண்டு. 14 நாளில் கட்டினால் பாதி.

நோட்டீஸ் யாருக்குப் போகும்?

வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு. நீங்கள் காரைக்கால் திரும்பிய பிறகு, கார் கொடுத்த சொந்தக்காரர் வீட்டுக்கு நோட்டீஸ் போய்ச் சேரும். வாடகைக் கார் என்றால், நிறுவனம் உங்கள் விவரத்தைக் கொடுத்துவிட்டு அதற்கும் தனிக் கட்டணம் பிடிக்கலாம்.

சாவி வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

* பிரான்ஸில் 'கார்த் கிரீஸ்' எனப்படும் பதிவு அட்டையில் 'பி' என்ற கட்டத்தில் முதல் பதிவு தேதி இருக்கும். எரிபொருளையும் அதிலேயே பாருங்கள்.
* ஸ்டிக்கர் இல்லையென்றால் பிரெஞ்சு அரசின் இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். விலை 5 யூரோவுக்கும் குறைவுதான். அதிகம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம்.
* பிரான்ஸில் ஓட்ட, இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். உங்கள் லைசென்ஸுக்கான போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், ஓராண்டு செல்லும்.
* பழைய டீசல் கார்தான் கிடைக்கிறதா? மண்டலத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு ரயிலிலோ மெட்ரோவிலோ உள்ளே போவது நல்லது.