மெஸ்க்லின்: ஒரு பிழையில் பிறந்த உலகம்

விஞ்ஞானப் புனைகதை எழுதுபவர் ஒரு வேற்றுலகைப் படைப்பது எளிது என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். வானத்தில் இரண்டு சூரியன்களைத் தொங்கவிட்டு, மண்ணுக்கு ஊதா நிறம் பூசிவிட்டால் போதுமே! அந்த எண்ணத்தை மாற்றியவர் ஹால் கிளமென்ட்.

கதை 61 சிக்னி என்னும் இரட்டை விண்மீனிலிருந்து தொடங்குகிறது. 1838இல் பெஸ்ஸல் இதன் தொலைவை அளந்து வெளியிட்டார். சூரியனுக்கு அப்பால் ஒரு விண்மீனின் தொலைவு நம்பத்தக்க விதத்தில் அறியப்பட்டது அதுவே முதல் முறை. நம்மிடமிருந்து ஏறத்தாழ 11.4 ஒளியாண்டுகள். 1940களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஸ்ப்ரௌல் வானாய்வகத்தில் பணியாற்றிய காய் ஸ்ட்ரான்ட், அவ்விரு விண்மீன்களின் நகர்வில் ஒரு சிறு தடுமாற்றத்தைக் கண்டதாக அறிவித்தார். வியாழனைப்போல் 16 மடங்கு நிறையுள்ள, கண்ணுக்குப் புலப்படாத ஒரு துணையே அதற்குக் காரணம் என்பது அவர் முடிவு.

கிளமென்டின் இயற்பெயர் ஹாரி கிளமென்ட் ஸ்டப்ஸ். ஹார்வர்டில் வானியல் பயின்றவர், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர், பின்னர் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஸ்ட்ரான்டின் கண்டுபிடிப்பைப் படித்த அவருக்குள் ஓர் ஆசிரியருக்கே உரிய கேள்வி எழுந்தது: அந்தத் துணைக்கோளின் மீது ஒருவர் நிற்க முடியுமா?

முடியாது. அத்தனை நிறை கொண்ட உருண்டையின் ஈர்ப்பு மனிதனை நசுக்கிவிடும். ஆனால் அது மிக வேகமாகச் சுழன்றால்? கிளமென்ட் தம் கோளுக்கு மெஸ்க்லின் என்று பெயரிட்டு, ஒரு சுழற்சிக்குச் சுமார் 18 நிமிடங்கள் கொடுத்தார். அந்த வேகத்தில் கோள் அப்பளம்போல் தட்டையாகிறது: நடுக்கோட்டில் 48,000 மைல் விட்டம், துருவத்திலிருந்து துருவத்துக்கு 20,000 மைலுக்குச் சற்றுக் குறைவு. நாமே தோராயமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நடுக்கோட்டில் ஈர்ப்பு பூமியைப்போல் 140 மடங்குக்கு அருகில் வருகிறது. சுழற்சி அதில் ஏறக்குறைய முழுவதையும் தின்றுவிடுகிறது. எஞ்சுவது 3 மடங்கு. துருவத்திலோ சுழற்சியின் உதவி இல்லை. அங்கே ஏறத்தாழ 700 மடங்கு! மனிதர் நடுக்கோட்டில் தள்ளாடியேனும் நிற்கலாம். துருவத்தில் பழுதாகிக் கிடக்கும் தம் ஆய்வு ராக்கெட்டை அணுகவே முடியாது. 'மிஷன் ஆஃப் கிராவிட்டி' நாவலின் கதைமுடிச்சு முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. எண்கள் வந்த பிறகே கதை வந்தது.

உயிர்களும் அவ்வாறே. மீத்தேன் கடலில் வணிகம் செய்யும் மாலுமி பார்லென்னன் பதினைந்து அங்குல நீளப் பூரான் வடிவினன். அவன் பிறந்த பகுதியில் சில அங்குல உயரத்திலிருந்து விழுவதும் மரணம். ஆதலால் எதையும் எறிய அவர்களுக்குத் தெரியாது, தலைக்குமேல் கூரை என்றாலே நடுக்கம். தம் உலகம் ஒரு கிண்ணத்தின் உட்புறம் என்றே நம்புகிறார்கள். அடர்ந்த காற்று ஒளியை வளைத்து, தொடுவானத்தை உயர்த்திக் காட்டுவதால் வந்த நம்பிக்கை அது. இந்நாவலில் எனக்கு மிகப் பிடித்த இடமும் இதுவே.

1953இல் 'அஸ்டவுண்டிங்' இதழில் தொடர் வெளிவந்துகொண்டிருக்கும்போதே, ஜூன் இதழில் கிளமென்ட் தம் கணக்குகளைத் தனிக் கட்டுரையாக வெளியிட்டார். இது ஆசிரியனுக்கும் வாசகனுக்கும் இடையிலான ஆட்டம் என்றார்: பிழை செய்யாதிருப்பது அவர் வேலை, கண்டுபிடிப்பது நம் வேலை. வித்தைக்காரர் தம் பையைத் திறந்து காட்டுவதற்கு ஒப்பான துணிச்சல்! வாசகர்களும் விடவில்லை. எம்.ஐ.டி. மாணவர்களின் விஞ்ஞானப் புனைகதைச் சங்கத்தார் பின்னாளில் கணிப்பொறியில் போட்டுப் பார்த்து, அத்தகைய கோள் நடுக்கோட்டில் கூர்மையான விளிம்பு கொண்டிருக்கும் என்று காட்டினர். கிளமென்ட் அதை மனமுவந்து ஏற்றுக்கொண்டார். துருவ ஈர்ப்பும் தாம் எழுதியதைவிட மிகக் குறைவு என்பதை அவரே பிறகு கணக்கிட்டு அறிந்தார்.

அடித்தளத்தில் கிடந்த பெரிய பிழை அவருடையதே அன்று. ஸ்ட்ரான்ட் கண்ட தடுமாற்றத்தைப் பிற்கால நுண்ணிய அளவீடுகள் உறுதிசெய்யவில்லை. 16 வியாழன் நிறையுள்ள துணை அங்கே இல்லை. சூரியனையொத்த வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்று 1995இல்தான் அறிவிக்கப்பட்டது. 51 பெகாசியைச் சுற்றும் அந்தக் கோளுக்கு ஓராண்டு என்பது நாலேகால் நாள்களே. அப்படி ஒன்றை ஒரு கதைக்காரர் எழுதியிருந்தால், ஆட்டம் ஆடும் வாசகர்கள் அவரைச் சும்மா விட்டிருப்பார்களா என்பது ஐயமே.

கிளமென்ட் 2003இல் காலமானார். 61 சிக்னியைச் சுற்றி எந்தக் கோளும் இன்றுவரை உறுதியாகவில்லை.